எண்பது சதவீதம்னு யார் சொன்னது?

போன வாரப் பகுதியின் முடிவில் அம்மாவைப் பிள்ளைகளின் அறைக்கு வெளியே, கை நிறையத் துவைத்த துணியோடு நிற்கவைத்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். வாசகர்கள் சிலருக்குக் கோபம். நியாயம்தான். உள்ளே பெரியவன் தங்கையிடம் சொன்ன அந்த ஒரு வரி அம்மாவின் காதை விட்டு இன்னும் போகவில்லை: "நீ யார் பேரைக் குடுத்திருக்கேன்னு அம்மாவுக்கு மட்டும் தெரியவே வேணாம்."

அம்மாவிடம் போய் ஒளிக்கலாமா? இன்சூரன்ஸ் கம்பெனியில் அவள் விசாரணைப் பிரிவு. கார் இடித்துவிட்டது, லாரி உரசிவிட்டது, நிறுத்தி வைத்த வண்டி தானாகவே போய்ப் பள்ளத்தில் குதித்துவிட்டது என்று வருகிறவர்கள் சொல்வதில் எது நிஜம், எது காதில் பூச்சுற்றல் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ஆபீசில் அவளுக்குப் பட்டப்பெயர் எக்ஸ்ரே. அவள் காதுபடவே சொல்வார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

அப்பா கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்க எதிரே உட்கார்ந்தவரிடம் "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்டுக் கேட்டு, வீட்டில் யார் எதைக் கேட்டாலும் "ரெண்டும் பரவால்ல" என்று சொல்லப் பழகிவிட்டவர்.

பெரியவன் ஒரு மரச்சாமான் கடையில் சோபா விற்கிறான். இரண்டு வருடத்துக்கு முன்னால், தங்கை இப்போது எழுதிப் போட்டிருக்கிற அதே கல்லூரிக்கு எழுதிப் போட்டு, இன்டர்வியூ வாசல்வரை போய்த் திரும்பி வந்தவன். ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்று அவன் சொன்னதில்லை. அம்மாவும் கேட்டதில்லை. கேட்காததற்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது; அதை அவள் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

அந்தக் கல்லூரி எது என்று உங்களுக்குத்தான் தெரியுமே. பள்ளிப் படிப்பு முடித்த கையோடு பிசினஸ் படிக்கச் சேர்த்துக்கொள்கிற இடம். நூறு பேர் எழுதிப் போட்டால் நாலு பேரை எடுப்பார்கள். அந்த நாலில் ஒருத்தியாகிவிட வேண்டும் என்று சின்னவள் ஒரு வருடமாகச் சரியாகச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். நாளைக்கு அவளுக்கு இன்டர்வியூ.

இன்றைக்குக் காலையில் சாப்பாட்டு மேஜையில்தான் ஆரம்பித்தது.

"நூத்துக்கு நாலுங்கறதெல்லாம் எழுதிப் போட்ட எல்லாருக்கும் சேர்த்துச் சொல்றது" என்றார் அப்பா, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே. "பாப்பா பரீட்சை தாண்டிட்டா, கட்டுரை தாண்டிட்டா. இப்ப கணக்கே வேற."

"மூணுல ஒண்ணுப்பா" என்றாள் சின்னவள். "இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டவங்கள்ல மூணு பேர்ல ஒருத்தருக்குத்தான் சீட்டு. அதுக்கு மேல நான் எதிர்பார்க்கல."

"உன் மார்க்குக்கு என்ன குறை?"

"மார்க் எல்லார்கிட்டயும் இருக்குப்பா. அங்க வர்ற அத்தனை பேரும் அவங்கவங்க ஸ்கூல்ல முதல் ஆளுதான். எல்லார்கிட்டயும் இருக்கறதை வச்சு யாரைன்னு பிரிப்பாங்க?"

"அதுக்குத்தான் கோட்டு சார் எண்பது சதவீதம்னு..." என்று ஆரம்பித்த அப்பா பெரியவனின் முகத்தைப் பார்த்துவிட்டு ரொட்டியைக் கடித்தார். கடித்ததோடு சரி, மெல்லவில்லை.

கோட்டு சார் என்பவர் காசு வாங்கிக்கொண்டு வழிகாட்டுகிற கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாததால் பிள்ளைகள் வைத்த பெயர்.

அம்மா காபித் தம்ளரைக் கீழே வைத்தாள். "எண்பதா?"

பெரியவன் அப்பாவை முறைத்தான்.

"எண்பது சதவீதம்னு யார் சொன்னது? மூணுல ஒண்ணுன்னு பரீட்சை எழுதினவ சொல்றா. எண்பதுன்னு அவர் சொல்றார். நடுவுல இருக்கறது எங்கேருந்து வந்துச்சு?"

"ஒரு நம்பிக்கைக்குச் சொல்றதுதாம்மா" என்றான் பெரியவன்.

"நம்பிக்கைக்குச் சொல்றவங்க நல்லா பண்ணுவான்னு சொல்வாங்க. எண்பதுன்னு நம்பர் சொல்றவருக்கு எதாவது தெரிஞ்சிருக்கணும். இல்ல, எதாவது பண்ணியிருக்கணும்."

சின்னவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். பெரியவனும் பின்னாலேயே போனான். சமையலறைக் குழாயைத் தேவைக்கு மேல் திறந்துவிட்டு இருவரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். தண்ணீர் சத்தத்தில் பேசுவது எதற்கு என்று அம்மாவுக்குத் தெரியாதா என்ன? அப்பா செருப்பைத் தேடுகிற சாக்கில் வாசலுக்கு நழுவினார். மூன்று பேரும் சேர்ந்து தன்னைச் சுற்றி ஒரு வேலி போட்டிருக்கிறார்கள் என்று அம்மாவுக்கு உறுதியாகிவிட்டது. அவளுக்குக் கோபத்தைவிட பயம்தான் அதிகமாக வந்தது. இந்தப் பெண்ணும் அண்ணன் வழியிலேயே போகிறதோ என்ற பயம்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவள் சாப்பிடவில்லை. நேராகக் கோட்டு சாரின் அறைக்குப் போனாள்.

மருந்துக் கடைக்கு மேலே, குறுகலான படி ஏறினால் அவர் அறை. சுவர் முழுக்கப் பிள்ளைகளின் படங்கள்; அத்தனை பேரும் கட்டை விரலைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாம் சீட்டு கிடைச்சவங்க மேடம்" என்றார் கோட்டு சார்.

"கிடைக்காதவங்க படத்தை எங்க சார் மாட்டியிருக்கீங்க?"

அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவர் கோட்டின் பொத்தானைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

"எண்பது சதவீதம்னு சொன்னீங்களாமே. எதை வச்சு?"

"கட்டுரையை வச்சுத்தான் மேடம். மார்க்குல எல்லாரும் ஒண்ணு, பரீட்சையில கிட்டத்தட்ட ஒண்ணு. பத்துப் பேரோட கட்டுரையைப் படிச்சா ஒன்பது பேர் ஒரே மாதிரி எழுதியிருப்பாங்க. தலைமைப் பண்பு, சமூக சேவை, அது இதுன்னு. உங்க பொண்ணோட டிரைவிங் ஸ்கூல் விஷயம் இருக்கே, அந்த மாதிரி நான் பார்த்ததே இல்ல."

"டிரைவிங் ஸ்கூலா?"

"உங்களுக்குத் தெரியாததா மேடம்." அவர் உற்சாகமாகிவிட்டார். "அங்க பாதிப் பேர் முதல் வகுப்போட நின்னுடறாங்க. ஏன்னு ஓனரம்மாவுக்கே புரியல. லீவுல அங்க வேலை பார்த்த நம்ம பொண்ணு, நின்னுபோனவங்களுக்கெல்லாம் ஒவ்வொருத்தரா போன் போட்டுக் கேட்டிருக்கா. முதல் நாளே நடுரோட்டுல வண்டி நின்னுடுது, பின்னாடி இருக்கறவன் ஹாரன் அடிக்கறான், பக்கத்துல மாஸ்டர் திட்டறார், அவமானமாப் போயி திரும்ப வர்றதில்ல. அதனால முதல் ரெண்டு வகுப்பைக் காலி மைதானத்துல வைங்கன்னு இவ சொல்லியிருக்கா. அப்படி வச்சப்புறம் நின்னுபோறவங்க பாதியாக் குறைஞ்சுட்டாங்க. பெரிய பெரிய கம்பெனிக்காரன் செய்யற வேலை மேடம் இது."

அம்மா நாற்காலியில் நேராக உட்கார்ந்தாள். போன லீவு முழுக்கச் சின்னவள் லைப்ரரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். தினமும் சாயந்திரம் "என்ன படிச்சே?" என்று கேட்டால் ஏதோ பதிலும் சொன்னாள்.

"கட்டுரையை எழுதினது யார் சார்?"

"அவளேதான் மேடம். நான் கமா மட்டும்தான் போட்டேன்."

"இதெல்லாம் நடந்துச்சுன்னு கல்லூரிக்காரங்க எப்படி நம்புவாங்க?"

"அந்த ஓனரம்மா பேரும் நம்பரும் குடுத்திருக்கோமே. இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள கல்லூரியிலேருந்து அவங்களுக்குப் போன் போகும். ஆமா, இதெல்லாம் உண்மைன்னு அவங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா நாளைக்கு இன்டர்வியூ. அவ்வளவுதான்."

யார் பெயரைக் கொடுத்திருக்கிறாள் என்பது கடைசியில் இப்படி வெளியே வந்தது. பெரியவன் கதவைச் சாத்திக்கொண்டு ஒளித்து வைத்ததைக் கோட்டு சார் காபி கொடுத்துச் சொல்லிவிட்டார்.

படி இறங்கும்போதே அம்மா மனதுக்குள் எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்துவிட்டாள். லைப்ரரி என்று ஒரு பொய். தனக்குத் தெரியக் கூடாத ஒரு பெயர். எங்கேயும் இடிக்காத, எல்லா ஒட்டும் அழகாகப் பொருந்துகிற ஒரு கதை. இப்படிப் பொருந்துகிற கதையைத்தான் அவள் ஆபீசில் முதலில் பிரித்துப் பார்ப்பாள். நிஜத்தில் நடந்தது என்றால் எங்கேயாவது கொஞ்சம் பிசிறு இருக்கும்.

சாயந்திரம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை உட்காரவைத்து நேரடியாகக் கேட்டிருக்கலாம். எந்த அம்மாவும் அதைத்தான் செய்வாள். இந்த அம்மா ஆபீசுக்குத் திரும்பி, மேஜைத் தொலைபேசியை எடுத்து, டிரைவிங் ஸ்கூல் எண்ணை அழுத்தினாள்.

அந்தத் தொலைபேசியில் அவளுக்குக் குரலே வேறு. விசாரிக்கப்படுகிற ஆளிடம் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்ல மாட்டாள். எதற்காகக் கேட்கிறேன் என்பதையும் கடைசிவரை காட்ட மாட்டாள். வருடக்கணக்காகப் பழகிய முறை அது, கை தானாகச் செய்யும்.

"வணக்கம். இன்சூரன்ஸ் விசாரணைப் பிரிவுலேருந்து பேசறேன். ஒரு தகவல் சரிபார்க்கணும்."

"சொல்லுங்க" என்றது ஒரு பெண் குரல். பின்னால் யாரோ கியர் மாற்றத் தெரியாமல் இஞ்சினைக் கதறவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"போன லீவுல ஸ்கூல் படிக்கிற பொண்ணு ஒருத்தி உங்ககிட்ட வேலை பார்த்தாளா?"

மறுமுனையில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "எந்தப் பொண்ணுங்க?"

"பதினேழு வயசு இருக்கும். போன் எடுக்கறது, வகுப்பு நேரம் போடறது, அந்த மாதிரி வேலை."

"அப்படி யாரும் இல்லீங்க. இங்க நானும் ரெண்டு மாஸ்டரும்தான். சின்னப் பசங்களை நாங்க வண்டிகிட்டயே விடறதில்ல."

"உறுதியாச் சொல்றீங்களா?"

"உறுதியாங்க. வேணும்னா எழுதியே குடுக்கறேன்."

வண்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லையே, இவர் ஏன் வண்டிக்குப் போகிறார்? வேறு எந்த நாளாக இருந்தாலும் அம்மாவுக்கு மூக்கில் வேர்த்திருக்கும். இன்றைக்கு வேர்க்கவில்லை. பெற்ற பிள்ளை பொய் சொல்லிவிட்டது என்று தெரிந்த நிமிடத்தில் எக்ஸ்ரேயாவது ஒன்றாவது. போனை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அப்பா கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிக்கொண்டு கல்லூரிப் பேராசிரியராக உட்கார்ந்திருந்தார். பெரியவன் அவர் பக்கத்தில் இன்னொரு பேராசிரியர். எதிரே சின்னவள் இஸ்திரி போட்ட சட்டையில், கையை மடியில் வைத்துக்கொண்டு.

"உங்களை நாங்க எதுக்கு எடுக்கணும்?" என்றார் அப்பா, இல்லாத கனத்தைக் குரலில் வரவழைத்துக்கொண்டு.

"அப்பா, நீங்க கேக்கறதைப் பார்த்தா கடன் கேட்டு வந்தவனை விரட்டற மாதிரி இருக்கு" என்றான் பெரியவன். சின்னவள் சிரித்துவிட்டாள். அம்மாவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"நானும் ரெண்டு கேள்வி கேக்கலாமா?" என்று அம்மா கைப்பையை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

ஆபீசில் எப்படியோ அப்படியே ஆரம்பித்தாள். முதலில் சும்மா கேள்விகள். என்ன படித்தாய், எந்தப் பாடம் பிடிக்கும், அப்புறம் எந்த அவசரமும் இல்லாமல்:

"போன லீவுல எங்க போயிட்டிருந்தே?"

"லைப்ரரிக்கு..." சின்னவளின் கண் அண்ணன் பக்கம் ஓடியது.

"டிரைவிங் ஸ்கூலுக்கு இல்லையா?"

அப்பா இருமினார். பெரியவன் நிமிர்ந்தான்.

"அந்த ஓனரம்மாகிட்ட நான் பேசிட்டேன்" என்றாள் அம்மா. "நீ அங்க வேலையே பார்க்கலயாம். எழுதியே தரேங்கறாங்க. நாளைக்கு அத்தனை பேர் முன்னாடி உட்கார்ந்து அந்தக் கதையைத்தான் விடப் போறியா?"

சின்னவள் எழுந்துவிட்டாள். "ஓனர் அக்காவா? என்னைத் தெரியாதுன்னா சொன்னாங்க?"

"ஏம்மா, என்ன பேசறே நீ" என்றார் அப்பா. "தினம் நான்தானே கொண்டு போய் விட்டேன். இவ அங்க உட்கார்ந்து போன் பேசினதை என் கண்ணால பார்த்திருக்கேன். உன்கிட்ட மறைச்சது தப்பு, அதை ஒத்துக்கறேன். வேலை பார்த்தது நெஜம்."

"நீங்க என்னிக்குத்தான் அவளை விட்டுக்குடுத்தீங்க?"

"அம்மா." பெரியவனின் குரல் தாழ்ந்திருந்தது. "எந்த போன்லேருந்து பேசினே?"

"எதுலேருந்து பேசினா என்ன?"

"ஆபீஸ் போனா? விசாரணைப் பிரிவுன்னு சொன்னியா?"

"வேற எப்படிடா கேக்கறது. அம்மா பேசறேன்னு சொன்னா எவனாவது உள்ளதைச் சொல்வானா?"

பெரியவன் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "டயர் கடை அண்ணனுக்கும் அப்படித்தானே போன் போட்டே?"

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வருடமாக அவள் வாயைத் திறக்காமல் வைத்திருந்த விஷயம் அது. பெரியவன் எழுதிப் போட்டபோது, சனி ஞாயிறுகளில் ஒரு டயர் கடையில் வேலை பார்த்ததாகவும், பழைய வாடிக்கையாளர்களுக்கு டயர் மாற்ற வேண்டிய சமயத்தில் நினைவுபடுத்தி வியாபாரத்தைக் கூட்டியதாகவும் கட்டுரையில் எழுதியிருந்தான். அம்மா அந்தக் கடைக்கும் போன் போட்டாள். அப்படி ஒரு பையனைத் தெரியவே தெரியாது என்று கடைக்காரர் சொன்னார். சீட்டு இல்லை என்று ஆனபோது அவள் அவனைத் திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. பொய் சொன்னவனுக்குக் கிடைத்தது என்று உள்ளுக்குள் முடித்துக்கொண்டாள். அதிலிருந்து அவன் எங்கே போகிறேன் என்று சொன்னாலும் அவளுக்கு ஒரு சந்தேகம்தான்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"பின்னாடி ஒரு நாள் அவரே கேட்டார். உன்னைப் பத்தி இன்சூரன்ஸ்லேருந்து விசாரிச்சாங்களேப்பா, என்ன வம்பு பண்ணேன்னு. கணக்குல காட்டாம ஸ்கூல் பையனை வேலைக்கு வச்சது தெரிஞ்சுபோச்சுன்னு பயந்துட்டார்மா. அதான் தெரியாதுன்னுட்டார். அடுத்த வாரம் கல்லூரியிலேருந்து போன் வந்திருக்கு. அதுவும் அந்த இன்சூரன்ஸ்காரங்கதான், வேற மாதிரி கேக்கறாங்கன்னு நெனச்சு அதையே சொல்லிட்டார்."

குழாய்த் தண்ணீரில் பேசியது, கதவைச் சாத்தியது எல்லாம் எதற்கு என்று இப்போது அம்மாவுக்குப் புரிந்தது. எந்தத் திருட்டுத்தனத்தையும் அவர்கள் மறைக்கவில்லை. அவளுடைய போனிலிருந்துதான் ஒரு பெயரைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார்கள். 

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"சொல்லி? சீட்டு போனது போனதுதான். நீ அதுக்கப்புறம் நிம்மதியா இருந்திருப்பியா?" அவன் தரையைப் பார்த்தான். "ஆனா ஒண்ணும்மா. ஊரையெல்லாம் கேட்டே. என்னை ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அம்மா அவன் கையைப் பிடித்தாள். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை, திருப்பிப் பிடிக்கவுமில்லை. இரண்டு வருடமாகத் தன் பிள்ளையைப் பொய்யன் என்று நினைத்துக்கொண்டு, அவனுக்கு முன்னால் நல்லவள் மாதிரி சோறு போட்டிருக்கிறாள். அவமானம் அவளைத் தின்றது. ஆனால் உட்கார்ந்து அழ நேரமில்லை. சின்னவள் அதற்குள் டிரைவிங் ஸ்கூலுக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி மேஜையில் வைத்துவிட்டாள்.

"அக்கா, நான்தான்."

"பாப்பா, நீ எதாவது வம்புல மாட்டிக்கிட்டியா?" ஓனரம்மா மூச்சு விடாமல் பேசினார். "இன்சூரன்ஸ்காரங்க உன்னைப் பத்திக் கேட்டாங்கம்மா. நம்ம வெள்ளை வண்டி கதவு நசுங்கினதுக்குக் கேட்ட பணம் இன்னும் அவங்ககிட்டதானே கிடக்கு. லைசென்ஸ் இல்லாத பொண்ணு ஓட்டி இடிச்சுட்டான்னு எழுதிடுவாங்களோன்னு, நீ இங்க வந்ததே இல்லன்னுட்டேன். உனக்கும் நல்லதுதானேன்னு நெனச்சேன்."

"கல்லூரியிலேருந்து யாராவது பேசினாங்களாக்கா?"

"இப்பதான் வச்சாங்க. மத்தியானம் ஒருத்தி, சாயந்திரம் ஒருத்தி, ரெண்டு பேரும் உன்னைப் பத்தியே கேட்டா எனக்குச் சந்தேகம் வராதா? கல்லூரின்னு சொன்னா நான் ஏமாந்துடுவேனா. அதே பதிலைத்தான் சொன்னேன்."

சின்னவள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தாள். அப்பா கண்ணாடியைக் கழற்றி எதையும் துடைக்காமல் கையில் வைத்துக்கொண்டார்.

விஷயம் புரிந்ததும் ஓனரம்மா பதறிப்போனார். "நான் வேணா திரும்பப் போன் பண்ணி மாத்திச் சொல்லிடட்டுமா பாப்பா?"

"வேணாங்க" என்றாள் அம்மா. "இப்ப நீங்க மாத்திச் சொன்னா சொல்லிக் குடுத்துப் பேசறீங்கன்னுதான் நெனைப்பாங்க. என்கிட்ட ஒருத்தர் அப்படி மாத்திப் பேசினா நான் அதைத்தான் எழுதுவேன். நானே பேசறேன்."

கல்லூரி ஆபீஸை மூடுகிற சமயம். கல்லூரிச் சேர்க்கைப் பிரிவின் எண்ணை எடுத்துப் போட்டபோது யாராவது எடுக்க வேண்டுமே என்று ஒவ்வொரு மணியாக எண்ணினாள். எடுத்தார்கள். இளம் பெண் குரல், ரொம்ப மரியாதையான குரல்.

அம்மா எதையும் பூசி மெழுகவில்லை. தான் யார், என்ன வேலை, மத்தியானம் என்ன சொல்லிப் போன் செய்தேன், அந்த ஓனரம்மா ஏன் பயந்தார், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் மகனுக்கும் இதையே செய்ததைச் சொன்னாள்.  உடைந்த குரலிலேயே சொல்லி முடித்தாள். "தப்பு முழுக்க என்னோடதும்மா. அந்தப் பொண்ணு எழுதினது ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. நான் அவளோட அம்மா சொல்றேன்."

மறுமுனையில் விசைப்பலகை தட்டுகிற சத்தம் நின்றது.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க" என்றது அந்தக் குரல். "மத்தியானம் விசாரணை அதிகாரின்னு சொல்லிப் பேசினேங்கறீங்க. இப்ப அம்மான்னு சொல்றீங்க. இதுல எதை நாங்க நம்பணும்?"

அம்மா போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள். இது நாள் தவறாமல் யாரையாவது அவள் கேட்கிற கேள்வி. இத்தனை வருடத்தில் அதற்குப் பதில் சொல்லி அவளிடமிருந்து தப்பித்தவர் ஒருத்தர்கூட இல்லை.

சின்னவள் எழுந்து வந்து கையை நீட்டினாள்.

"குடும்மா. நான் பேசறேன்."

"என்னன்னு பேசுவே?"

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. அம்மா அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்காமல் போனை அவளிடம் கொடுத்தாள்.